இரவில் வார்டு அமைதியாக இருக்க: நோயாளி தூங்கித் தேற மருத்துவமனை செய்ய வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

'அமைதி காக்கவும்' என்று எழுதாத மருத்துவமனைச் சுவர் அரிது. ஆனாலும் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டால், பலரும் இல்லை என்றுதான் தலையாட்டுகிறார்கள். அந்தப் போர்டு பார்க்க வருகிறவர்களுக்காக எழுதியது. நோயாளியை எழுப்புவதில் பெரிய பங்கு நம் வேலைமுறைக்கே உண்டு. பத்து மணிக்கு மாத்திரை, பன்னிரண்டுக்கு ஊசி, இரண்டுக்கு பிபி, நாலரைக்கு ரத்தம், ஐந்துக்குத் தரை துடைப்பு என்று ஓடும் வார்டில் யாரும் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கிவிட முடியாது.

இந்த வழிகாட்டி வார்டு சிஸ்டர்கள், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஆர்எம்ஓ (மருத்துவமனையின் பொறுப்பு டாக்டர்), சிறிய நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் ஆகியோருக்கானது. கடைசிப் பகுதி நோயாளியின் வீட்டாருக்கு. செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவதை முதலில் வைத்திருக்கிறேன். கூரையை மாற்றுவது, கண்ணாடிக் கதவு போடுவது எல்லாம் கடைசியில்தான் வரும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். தூக்கம் கெட்டால் வலி கூடுதலாகத் தெரியும், ரத்த அழுத்தம் இரவில் இயல்பாக இறங்குவது தடைபடும், சர்க்கரைக் கட்டுப்பாடு குலையும், நோய் எதிர்ப்பு சக்தி குறையும். வயதானவர்களுக்கு இன்னும் மோசம். இரண்டு இரவு தூங்காத எழுபது வயதுக்காரர் மூன்றாம் நாள் மகளையே அடையாளம் தெரியாமல் பேசுவதும், ட்ரிப்ஸைப் பிடுங்குவதும் வார்டில் வேலை செய்யும் எல்லோரும் பார்ப்பதுதான். டெலிரியம் என்கிற இந்த மனக்குழப்பத்துக்கு நோய், மருந்து என்று பல காரணங்கள் உண்டு. தூக்கமின்மை அதைத் தூண்டிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வார்டுக்குள் இரவு இரைச்சல் சராசரியாக 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்றும், திடீரென எழும் சத்தம் 40ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வதே 60 டெசிபல் அளவில் இருக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005இல் பல பத்தாண்டு அளவீடுகளை ஒப்பிட்டார்கள். 1960இல் 42 டெசிபலாக இருந்த மருத்துவமனையின் இரவுச் சராசரி 60ஐத் தொட்டிருந்தது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த 18 எவ்வளவு பெரியது என்று புரியும்.

சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், அதிக இரைச்சலுள்ள அறைகளில் இருந்தவர்கள் அமைதியான அறைகளில் இருந்தவர்களைவிட 76 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். எது தொந்தரவு என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்னது மிஷின்களை அல்ல, ஊழியர்களின் பேச்சை.

படி 1: ஒரு இரவு உட்கார்ந்து கேளுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் நடுவார்டில் காலியான ஒரு கட்டிலின் பக்கத்தில் நாற்காலி போட்டு, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒருவர் உட்கார வேண்டும். அன்று அவருக்கு வேறு டியூட்டி இருக்கக் கூடாது. கையில் நோட்டு. மணி, என்ன சத்தம், எங்கிருந்து வந்தது, யாராவது விழித்தார்களா – இந்த நான்கையும் எழுதினால் போதும். ஒரு இரவோடு நிறுத்தாமல், அட்மிஷன் அதிகமுள்ள நாள் ஒன்றும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமாக எடுத்தால் நல்லது.

டெசிபல் மீட்டர் இருந்தால் தலையணை உயரத்தில் வையுங்கள். போன் ஆப்பும் போதும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். போனும் வைத்த இடமும் மாறாமல் இருக்க வேண்டும்.

என் கருத்தில் மீட்டரைவிட நோட்டுதான் முக்கியம். சராசரி 58 என்று தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது. "2.10 – மருந்து டிராலி, இடது முன்சக்கரம் கீச்சிடுகிறது, ஏழாம் பெட் விழித்தார்" என்று இருந்தால் மறுநாள் காலையே அதைச் சரிசெய்யலாம். நோட்டு எழுதுபவர் யார் தவறு என்று பெயர் போடக் கூடாது. போட்டால் அடுத்த இரவு எல்லோரும் அவருக்காக மெதுவாக நடப்பார்கள், உண்மை தெரியாமல் போகும்.

படி 2: இரவு வேலைகளை நகர்த்துங்கள்

முழு வேலையின் உயிர்நாடி இதுதான். மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம் என்று வைத்தார்கள். அவசியமில்லாதவர்களுக்கு அந்த நேரத்தில் பிபி, டெம்பரேச்சர் பார்ப்பதை விட்டார்கள். மருந்து நேரங்களை மாற்றினார்கள். சிறுநீர் போகவைக்கும் மருந்தை மாலை நான்குக்கு முன்பே கொடுத்தார்கள். தூக்க மாத்திரை கேட்டு வாங்கும் நோயாளிகள் 49 சதவீதம் குறைந்தார்கள். வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் இரவில் எழுந்து விழுவது, குழப்பம் என்று வேறு பிரச்சினைகள் வருவதால், மாத்திரை குறைந்ததே பெரிய லாபம்.

உங்கள் வார்டில் இப்படித் தொடங்கலாம். ஒரு பெரிய தாளில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை மணி மணியாகக் கோடு போட்டு, நடக்கும் எல்லா வேலைகளையும் எழுதுங்கள். பிறகு டாக்டர், சிஸ்டர், லேப், பார்மசி, ஹவுஸ்கீப்பிங் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் "இது ஏன் இந்த நேரத்தில்?" என்று கேளுங்கள். "எப்பவும் இப்படித்தான்" என்பது பதிலாக வந்தால் அந்த வேலையை நகர்த்தலாம் என்று அர்த்தம்.

ரத்தம் எடுப்பதைப் பாருங்கள். ரவுண்ட்ஸுக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்பதற்காக நாலரைக்கு எல்லோரையும் எழுப்புகிறோம். உண்மையில் காலை எட்டுக்குள் முடிவு தேவைப்படுபவர்கள் சிலரே. அவர்களுக்கு மட்டும் முன்னதாக எடுத்து, மற்றவர்களுக்கு ஆறுக்கு மேல் எடுக்கலாம். லேப் டெக்னீஷியனின் ஷிஃப்ட் அரை மணி நேரம் நகர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மருந்தில் கவனம் தேவை. ஆன்டிபயாட்டிக் ஆறு மணிக்கொருமுறை என்றால் அதை நாமாக மாற்றக் கூடாது. ஆனால் "தினம் நாலு வேளை" என்பதும் "ஆறு மணிக்கொருமுறை" என்பதும் சார்ட்டில் ஒரே மாதிரி 12-6-12-6 என்று ஏறிவிடுவது உண்டு. விட்டமின், அல்சர் மாத்திரை, இருமல் சிரப்புக்கெல்லாம் நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. டாக்டரும் பார்மசிஸ்ட்டும் ஒருமுறை உட்கார்ந்து பட்டியல் போட்டுவிட்டால் நைட் டியூட்டி சிஸ்டருக்குக் குழப்பம் இருக்காது.

பிபி, பல்ஸ் பார்ப்பதை யாருக்கு விடலாம் என்பது டாக்டர் முடிவு. மாலை ரவுண்ட்ஸிலேயே ஒவ்வொரு கேஸ்ஷீட்டிலும் 'இரவு 11 முதல் 5 வரை எழுப்ப வேண்டாம்' அல்லது 'இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த முதல் நாள், நெஞ்சுவலி, தலைக்காயம், ஆக்சிஜன் தேவைப்படுபவர், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர், வீரியமான வலி ஊசி போட்டவர், பிபி அதிகமுள்ள கர்ப்பிணி இவர்களையெல்லாம் எழுப்பித்தான் ஆக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் நாட்கள்தான் ஆபத்தானவை. காய்ச்சல் இல்லையே என்று அவரை 'எழுப்ப வேண்டாம்' பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடியுங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்திலேயே பிபி, ஊசி, ட்ரிப்ஸ் மூன்றையும் பாருங்கள். ஒருவருக்காக மொத்த வார்டு டியூப்லைட்டையும் போடாமல், கையில் ஒரு சிறிய டார்ச் வைத்துக்கொண்டால் பக்கத்து பெட்டுகள் தப்பிக்கும். முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம் என்பதால், எல்லாம் முடியாவிட்டாலும் பதினொன்று முதல் மூன்று வரையாவது காப்பாற்றுங்கள்.

படி 3: அலாரங்களை ஒழுங்குபடுத்துங்கள்

பாஸ்டனில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 12 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, மருத்துவமனையில் கேட்கும் 14 வகைச் சத்தங்களை ஒலிக்கவிட்டார்கள். போன் மணியும் ட்ரிப்ஸ் மிஷினின் பீப்பும் தாழ்வாக ஒலித்தபோதே எழுப்பின. விழிக்காதபோதும் இதயத் துடிப்பு எகிறியது. தூங்கிவிட்டார் என்று நாம் நினைக்கும்போதும் உடல் ஓய்வில் இல்லை.

அலாரத்தைக் குறைப்பது என்றால் ம்யூட் போடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓயாமல் அடிக்கும் அலாரம் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. காது மரத்துப்போய், உண்மையானது அடிக்கும்போது யாரும் திரும்பமாட்டார்கள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கையில், மூன்றரை ஆண்டில் அலாரம் தொடர்பாக வந்த 98 சம்பவ அறிக்கைகளில் 80 மரணத்தில் முடிந்தவை என்று சொன்னது. ஆகவே பொய் அலாரத்தைத் தேடி எடுப்பதுதான் வேலை.

ஈசிஜி ஸ்டிக்கர் காய்ந்துபோனால் பொய் அலாரம் வரும். தோலைச் சுத்தம் செய்து துடைத்துக் காயவைத்து, தினமும் புது ஸ்டிக்கர் ஒட்டியதாலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஒரு படுக்கைக்கு வரும் அலாரங்கள் 46 சதவீதம் குறைந்தன. ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை பிபி கஃப் கட்டிய கையில் மாட்டினால் கஃப் இறுகும் ஒவ்வொரு தடவையும் அடிக்கும்; மறு கையில் மாட்டுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் இதே கதைதான். வென்ஃப்ளானை (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) முழங்கை மடிப்பில் போட்டால் கையை மடக்கும்போதெல்லாம் மிஷின் அலறும். முன்கையில் நல்ல நரம்பு இருந்தால் அங்கே போடுங்கள்.

மானிட்டரின் எல்லைகளை நோயாளிக்கு ஏற்றபடி டாக்டர் உத்தரவோடு மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு எப்போதும் 52 தடவை இதயம் துடிக்கும் ஒருவருக்கு 60இல் கீழ் எல்லை வைத்தால் விடியும்வரை அடிக்கும். பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் ஒரு பிரிவில் இதயத் துடிப்பு அலாரங்களின் எல்லைகளை இப்படி மறுபரிசீலனை செய்தபோது, வாரத்துக்குச் சுமார் 88,000 ஆக இருந்த ஒலி அலாரங்கள் 10,000க்குக் கீழே வந்தன. 2014இல் வெளியான கணக்கு இது.

சாதாரண ட்ரிப்ஸில் அலாரம் இல்லை, அதற்குப் பதில் "சிஸ்டர்... பாட்டில் முடிஞ்சிருச்சு!" என்ற குரல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். ஒன்பதரைக்கு ஒரு சுற்று வந்து, எந்த பாட்டில் எத்தனை மணிக்கு முடியும் என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நடுநிசியில் முடியப்போவது எது என்று சிஸ்டருக்கும் தெரியும், கூட இருப்பவருக்கும் தெரியும்.

படி 4: சக்கரம், கதவு, ஸ்டூல்

நோட்டில் எழுதியதை எடுத்துக்கொண்டு மெயின்டனன்ஸ் ஆளோடு பகலில் ஒரு சுற்று வாருங்கள். டிராலி, ஸ்ட்ரெச்சர் சக்கரங்களில் முடியும் நூலும் பஞ்சும் சுற்றியிருக்கும். அதை எடுத்து எண்ணெய் விட்டாலே பாதிச் சத்தம் போகும். தேய்ந்ததை ரப்பர் சக்கரமாக மாற்றுங்கள். இரும்பு ஸ்டூல், கட்டில், லாக்கர் கால்களுக்கெல்லாம் ரப்பர் புஷ். கதவுகளுக்கு ஹைட்ராலிக் குளோசர். பாத்ரூம் கதவை மறக்காதீர்கள், இரவில் அதிகம் அடிப்பது அதுதான். காலால் மிதிக்கும் குப்பைத்தொட்டி மூடிக்கு அடியில் சின்ன ரப்பர் துண்டு. மருந்து டிராலியின் எஃகுத் தட்டில் ரப்பர் ஷீட். பெட்பேன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல் தனித்தனித் தட்டில். சத்தம் போடும் மின்விசிறி இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள்.

படி 5: நம் பேச்சு

கஷ்டமான படி. நைட் டியூட்டியில் தூங்காமல் இருக்க ஊழியர்கள் பேசத்தான் செய்வார்கள். அதைத் தடுப்பது மனிதத்தன்மை இல்லை, நடக்கவும் நடக்காது. பேசுவதற்கு ஓர் இடம் கொடுங்கள். கதவு மூடும் ஒரு சிறு அறையில் ஃபிளாஸ்க், நாற்காலி இருந்தால் நர்சிங் ஸ்டேஷனில் கூட்டம் சேராது. ஒருவர் மட்டும் எப்போதும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

டியூட்டி மாறும்போது ஹேண்டோவரை, அதாவது நோயாளியின் நிலவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை, கட்டில் பக்கத்தில் சொல்வது நல்ல பழக்கம். இரவில் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லப் பழக வேண்டும். வார்டு போனின் மணியைக் குறைத்து விளக்கு எரியும்படி வையுங்கள். டாக்டரை ஸ்பீக்கரில் அழைப்பது பத்து மணிக்கு மேல் உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும் என்று முடிவெடுங்கள். மற்றதற்கு அவர் செல்போன் இருக்கிறது. பத்து மணிக்கு வராண்டா விளக்குகளைப் பாதியாகக் குறையுங்கள். வெளிச்சம் மங்கினால் யாரும் சொல்லாமலே குரலும் தாழும், ஊழியர்களுக்கும் வீட்டாருக்கும் சேர்த்து.

சீனியர் டாக்டர் ஒருவர் பதினொரு மணிக்கு வார்டு நடுவில் நின்று போனில் சத்தமாகப் பேசினால், சிஸ்டர் அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? முடியும்படி நிர்வாகம் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். இந்த விதி மேலிருப்பவர்களுக்கும் உண்டு என்று தெரியாதவரை ஆயாம்மாவும் மதிக்கமாட்டார்.

படி 6: கூட இருப்பவர்கள்

நம் ஊரில் நோயாளி தனியாக இருப்பதில்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மகனோ மனைவியோ படுத்திருப்பார்கள். அவர்கள் இல்லாமல் வார்டு ஓடாது என்பதும் நமக்குத் தெரியும். அதட்டுவதைவிட, காரணம் சொன்னால் கேட்பார்கள்: "அம்மா, பக்கத்து பெட் ஐயாவுக்கு இன்னைக்குத்தான் ஆபரேஷன் ஆயிருக்கு. போன் மட்டும் வராண்டாவுல போய்ப் பேசிட்டு வாங்களேன்." இதையே அட்மிஷன் போடும்போது ஒருமுறை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தங்கள் நம் நேரம் தெரியாமல் வீடியோ கால் போடுவார்கள். ஹெட்போன் கட்டாயம் என்று சொல்லுங்கள். வைப்ரேஷனில் இருக்கும் போனை இரும்பு லாக்கர்மேல் வைத்தால் அதுவே அதிரும். துணிமேல் வைக்கச் சொல்லுங்கள்.

படுக்கை ஒதுக்குவதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். அடிக்கடி பார்க்க வேண்டியவர்கள் ஸ்டேஷன் பக்கம்; நன்றாகத் தேறி வருபவர்கள் தள்ளி. குழப்பத்தில் கத்துபவரை முடிந்தால் தனி அறைக்கு மாற்றுங்கள், வீட்டாரில் ஒருவரைக் கூடவே இருக்கவிடுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் அடங்குவார்.

இரவில் வார்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால் அழுகையை அடக்கச் சொல்லாதீர்கள். இந்த வழிகாட்டியின் எந்த விதியும் அந்த நேரத்துக்குப் பொருந்தாது. அந்தக் குடும்பத்தைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போக ஒருவர், விழித்துக்கொண்ட மற்ற நோயாளிகளிடம் போய் உட்கார ஒருவர் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

படி 7: வெளிச் சத்தம்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரம்பு 40 டெசிபல். ஹாரன், ஒலிபெருக்கி, பட்டாசு கூடாது. உங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் புகார் கொடுப்பதற்கு முன், ஒரு வாரம் முன்னாலேயே போய் விழாக் குழுவிடம் பேசுவது பலன் தரும். குழாய் ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்பிக் கட்டுவதற்கு யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைந்ததும் சைரனை அணைக்கச் செக்யூரிட்டி கை காட்டலாம். ஜெனரேட்டருக்குச் சத்தத்தடுப்புக் கூண்டு வேண்டும். வாராந்திரச் சோதனை ஓட்டத்தைப் பகலில் வையுங்கள்.

படி 8: பணம் இருந்தால் கட்டடம்

டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒலி உறிஞ்சும் கூரைப் பலகை போட்டால் எதிரொலி குறையும். கழுவக்கூடிய, பூஞ்சை பிடிக்காத வகைதானா என்று இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். திரைச்சீலை மறைவு தரும், சத்தத்தைத் தடுக்காது.

படி 9: பலன் தெரிகிறதா?

தினமும் காலையில் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே கேள்வி கேட்டு எழுதுங்கள்: "நேத்து ராத்திரி எது உங்களை எழுப்பிச்சு?" கூடவே, கேட்டு வாங்கிய தூக்க மாத்திரைகளை மாதாமாதம் எண்ணுங்கள். டெசிபல் இறங்கவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் பிரெஸ்டனில் ஒரு ஐசியூவில் சத்தம், வெளிச்சம், இரவு வேலை எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்து, காதடைப்பானும் கண்பட்டையும் கொடுத்தார்கள். இரவு இரைச்சல் 69இலிருந்து 62க்குத்தான் இறங்கியது, உலக சுகாதார நிறுவனத்தின் 30 எங்கோ தூரத்தில் இருந்தது. ஆனால் டெலிரியம் 33 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது. 2014இல் வெளியான முடிவு இது.

வீட்டாருக்கு

மருத்துவமனை எதையும் மாற்றாவிட்டாலும் இன்றிரவே செய்யக்கூடியவை சில உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நுரைக் காதடைப்பானும் கண்பட்டையும் வாங்குங்கள். உருட்டிச் சன்னமாக்கி, காது மடலைப் பின்னுக்கு இழுத்து உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா செருகினால் பலன் இல்லை. காதில் சீழ் இருப்பவர், குழப்பத்தில் இருப்பவர், சிறு குழந்தை இவர்களுக்கு வேண்டாம். மாட்டியிருப்பதை சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மானிட்டரையோ ட்ரிப்ஸ் மிஷினையோ நீங்கள் ஒருபோதும் தொடாதீர்கள். அடித்துக்கொண்டே இருந்தால் நேராகப் போய்க் கூப்பிடுங்கள். பகலில் நோயாளியை உட்காரவைத்து, முடிந்தால் நடக்கவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கச் செய்தால் இரவுத் தூக்கம் தானே கூடும். மாலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ராத்திரி இவரை எழுப்பாம விடலாமா டாக்டர்? முடியும்னா ஷீட்ல எழுதிடுங்க." வாய்வார்த்தையாகச் சொன்னால் நைட் டியூட்டிக்கு வரும் சிஸ்டருக்குத் தெரியாமலே போய்விடும்.